அண்ணன் மட்டும் அழைத்த அந்தப் பெயர் இப்போது யாருடையது?

கரையோரம் எழுதியது:

வணக்கம். நீண்ட நாட்களாக இங்கே வாசிப்பதோடு நிறுத்திக்கொண்டவன் நான். இன்று ஒரு கேள்வியை இறக்கி வைக்க வேண்டும் போலிருக்கிறது.

என் அண்ணன் இறந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. அவருக்கு அறுபது வயது, எனக்கு ஐம்பத்திரண்டு. சின்ன வயதில் அவர் எனக்கு ஒரு செல்லப்பெயர் வைத்திருந்தார். அப்பா, அம்மாகூட அந்தப் பெயரில் என்னை அழைத்ததில்லை. அண்ணன் மட்டும் கடைசி நாள் வரை அப்படித்தான் அழைத்தார். அதை இங்கே எழுத மனம் வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் அண்ணி அண்ணனுடைய கைப்பேசியை எங்கோ வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தார். கண்டுபிடிப்பதற்காக நான் அந்த எண்ணுக்கு அழைத்தேன். மேசை இழுப்பறைக்குள் ஏதோ அதிரும் சத்தம். திறந்து பார்த்தால், விரிசல் விழுந்த திரையில் அந்தச் செல்லப்பெயர் ஒளிர்ந்துகொண்டிருக்கிறது. அழைத்தது நான். திரையில் இருந்ததோ, அண்ணனின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கு நடந்த ஒரு பையன். மணி அடித்து ஓய்ந்தது, திரை இருண்டது. அண்ணி ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அலுவலகத்தில் நான் கண்டிப்பானவன். வீட்டில் அதிகம் பேசாதவன். அண்ணனிடம் மட்டும் வாயாடி. அவரோடு உட்கார்ந்தால்தான் எனக்கு வேடிக்கையாகப் பேச வரும். அவரைச் சிரிக்க வைத்தே கண்ணில் நீர் வரச் செய்துவிடுவேன். ஏழு மாதங்களாக அந்த வாயாடியைக் காணவில்லை. அவன் எனக்குள் இருந்தவன் என்றால், ஏன் மற்றவர்கள் முன்னால் வர மறுக்கிறான்? எங்கள் இருவருக்கும் நடுவில் மட்டும் வாழ்ந்தவன் என்றால், அண்ணனோடு அவனும் போய்விட்டானா?

துக்கத்துக்கு ஆறுதல் கேட்கவில்லை. இதைப் பற்றி யோசித்தவர்கள் பேசினால் நன்றாக இருக்கும்.

நேர்கோடு எழுதியது:

உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். ஆறுதல் வேண்டாம் என்றதால் நேராகவே சொல்கிறேன்.

நீங்கள் எதையும் இழக்கவில்லை. ஒரு மனிதன் நேற்றும் இன்றும் ஒரே ஆளாக இருப்பது எதனால் என்ற கேள்விக்கு ஜான் லாக் என்ற ஆங்கிலத் தத்துவஞானி 1694-இல் ஒரு விடை சொன்னார். உடல் அல்ல, நினைவு. கடந்த காலத்துச் செயலை ‘இதைச் செய்தவன் நான்’ என்று உள்ளிருந்து உணர முடிகிற தூரம் வரை அந்த ஆள் நீள்கிறான். ஓர் இளவரசனின் நினைவுகளெல்லாம் செருப்புத் தைப்பவரின் உடலுக்குள் புகுந்துவிட்டால், அங்கே இருப்பது இளவரசன்தான் என்பது அவருடைய வாதம். அண்ணனைச் சிரிக்க வைத்த ஒவ்வொரு மாலையும் உங்களுக்கு நினைவிருக்கிறது. ஆகவே அந்த வாயாடி நீங்கள்தான். பேச ஆள் இல்லை, அவ்வளவுதான். பாடகரின் அரங்கம் மூடிவிட்டால் குரலும் போய்விட்டது என்று சொல்வோமா?

நம்மை நாமாக்குவது பிறர் என்ற பேச்சு எனக்கு எப்போதும் உறுத்தும். அது உண்மையானால், யாருமே இல்லாதவன் யாருமே அல்லாதவன் என்று ஆகிவிடும்.

பழைய கரும்பலகை எழுதியது:

முப்பத்தோர் ஆண்டுகள் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். நேர்கோடு ஐயாவின் அரங்க உவமை அழகாக இருக்கிறது. ஆனால் குரல் உருவானதே யாரோ கேட்டதால்தான் என்றால்?

சார்லஸ் ஹார்ட்டன் கூலி என்ற சமூகவியலாளர் 1902-இல் இதை மூன்று படிகளாகப் பிரித்தார். எதிரில் இருப்பவருக்கு நான் எப்படித் தெரிகிறேன் என்று கற்பனை செய்கிறேன். அதை வைத்து அவர் என்னை எப்படி எடைபோடுவார் என்று கற்பனை செய்கிறேன். அந்த எடையை வைத்து எனக்குள் பெருமையோ கூச்சமோ எழுகிறது. என்னைப் பற்றிய என் எண்ணம் இப்படித்தான் சேர்கிறது. இதைக் கண்ணாடி என்று அவர் சொன்னாலும், முதல் இரண்டு படிகளும் கற்பனை என்பதைக் கவனியுங்கள். பிறர் உண்மையில் என்ன நினைத்தார் என்பதைவிட, அவர் நினைத்ததாக நாம் நினைத்துக்கொண்டதே நம்மைச் செதுக்குகிறது.

இதை நான் கற்றது ஒரு மாணவனிடம். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு திருமணத்தில் என்னிடம் வந்து அறிமுகம் செய்துகொண்டான். ‘ஏழாம் வகுப்பில் என் நோட்டை மூடி வைத்துவிட்டு, உனக்கு இது வராதுப்பா, விடு என்று சொன்னீர்கள் டீச்சர். அதற்குப் பிறகு நான் கணக்கைத் தொடவே இல்லை’ என்றான். கோபமாகச் சொல்லவில்லை. தன் உயரம் என்ன என்று சொல்வதைப் போல இயல்பாகச் சொன்னான். எனக்கு அந்த நாள் நினைவில் இல்லை. மணி அடித்திருக்கும், நேரமாகிவிட்டது, நாளை பார்க்கலாம் என்ற பொருளில்தான் ‘விடு’ என்று சொல்லியிருப்பேன். அவன் அதை ஒரு தீர்ப்பாக எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. லாக் சொன்னது போல நினைவுதான் ஆளைத் தீர்மானிக்கிறது என்றால், அந்த வகுப்பறையில் என் நினைவில் இல்லாத ஒரு ‘நான்’ இருக்கிறாள். அவள் அவனுடைய நினைவில்தான் இத்தனை ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறாள். அவளுக்கு நான் பொறுப்பில்லை என்று எப்படிச் சொல்வேன்?

நேர்கோடு எழுதியது:

டீச்சர், குழந்தைகள் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். வளர்ந்தவர்கள் அப்படி இருக்கத் தேவையில்லை என்பதுதான் என் கட்சி. பிறர் நம்மைக் கவனிக்கிறார்கள் என்பதே பெரும்பாலும் பிரமை. கிலோவிச் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒரு பாடகரின் முகம் அச்சிட்ட, போட்டுக்கொள்ளக் கூச்சமாக இருக்கும் பனியனை மாணவர்களுக்கு மாட்டி, மற்றவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் ஏறக்குறையப் பாதிப்பேர் கவனித்திருப்பார்கள் என்று மாட்டியவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர்தான்.

பார்க்காத கண்களுக்காக நாம் நம்மை மாற்றிக்கொண்டிருக்கிறோம். இதை உணர்ந்தவன் விடுதலை அடைகிறான்.

மெல்லப்பேசி எழுதியது:

நேர்கோடு அவர்களுக்கு: அந்த நான்கில் ஒரு பங்கில் ஒருவர் உங்கள் அப்பாவாக இருந்தால்? எல்லாக் கண்களும் சம எடை உள்ளவை அல்ல.

எனக்குச் சின்ன வயதிலிருந்து திக்குவாய். அதைப் பற்றி இங்கே எழுதுவது இதுதான் முதல் முறை. எழுத்தில் திக்காது என்பதால் இப்படிப்பட்ட இடங்கள் எனக்குப் பிடிக்கும்.

தொலைபேசி மணி அடித்தால் நான் குளியலறைக்குள் போய்விடுவேன். உறவினர்கள் வந்தால் மாடிக்குப் போய்விடுவேன். பதினாறு பதினேழு வயதில் என்னைப் பற்றி நானே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்: எனக்கு மனிதர்களைப் பிடிக்காது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. என் நடத்தையைப் பார்த்து நானே எழுதிக்கொண்டேன். பின்னாளில் டேரில் பெம் என்ற உளவியலாளரின் கோட்பாட்டைப் படித்தபோது திடுக்கிட்டேன். மனத்துக்குள் நேரடியாக எட்டிப் பார்த்துத் தன்னை அறிவதாக மனிதன் நினைத்துக்கொள்கிறான். உள்ளிருந்து வரும் சைகை மங்கலாக இருக்கும்போது, வேறொருவரைக் கவனிப்பது போலத் தன் செயல்களைக் கவனித்துத்தான் தன்னைப் பற்றி ஊகிக்கிறான் என்று 1972-இல் அவர் எழுதினார். நான் செய்ததும் அதுவேதான். ‘ஓடி ஒளிகிறான், ஆகவே மனிதர்களை வெறுப்பவன்.’ பயம் என்ற ஒரு காரணத்தை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

அக்காவுக்குக் குழந்தை பிறந்தது. தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவளிடம் பேசினால் எனக்குத் திக்காது. ஒரு நாள் அரை மணி நேரம் பேசியிருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது, யார் போகிறார்கள், எந்தக் காகம் நேற்றும் வந்தது என்றெல்லாம். திரும்பிப் பார்த்தால் வாசலில் அக்கா துணிக்கூடையோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியவில்லை. ‘உனக்கு இவ்வளவு பேச்சு பிடிக்குமா?’ என்றாள். என் வாழ்க்கையில் யாரும் கேட்காத கேள்வி. எனக்குப் பேசப் பிடிக்கும் என்ற செய்தி அன்றுதான் எனக்குத் தெரிந்தது. இன்றும் திக்குகிறது. ஆனால் மாடிக்குப் போவதில்லை.

அதனால் கரையோரம் ஐயாவிடம் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. வாயாடி உங்களுக்குள் இருந்தானா, நடுவில் இருந்தானா என்று பிரிக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை. எனக்குள் இருந்ததைப் பார்க்க அக்கா வாசலில் நிற்க வேண்டியிருந்தது.

புதுத்தடம் எழுதியது:

எல்லோரும் பிறரின் பார்வை ஏதோ வரம் என்பது போல எழுதுகிறீர்கள். அது விலங்காகவும் இருக்கும் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

என் குடும்பத்தில் எனக்கு ஒட்டிய சீட்டு ‘பொறுப்பில்லாதவள்’. பத்து வயதில் தம்பியின் தடுப்பூசி அட்டையைத் தொலைத்தேன். அங்கே ஆரம்பித்தது. பதினெட்டு வயதில் படிக்க வெளியேறினேன். இன்று நாற்பது பேர் வேலை செய்யும் பிரிவுக்கு நான் பொறுப்பு. கணக்கு வழக்கில் ஒரு எண் பிசகினாலும் என் கண்ணுக்குத் தப்பாது. ஆனால் அம்மா வீட்டுக்குப் போனால் மூன்றாவது நாள் சாவியைத் தொலைக்கிறேன். உண்மையாகவே தொலைக்கிறேன்! போன முறை கதவைப் பூட்டிவிட்டு, சாவியை எங்கே வைத்தேன் என்று தெரியாமல் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். தம்பி வந்து, கொஞ்சமும் வியப்பில்லாமல், தன் சாவியை எடுத்துத் திறந்தான். அந்த வியப்பின்மைதான் என்னைக் கொன்றது.

ஒரு மனிதனை எத்தனை பேர் அறிந்திருக்கிறார்களோ, அத்தனை சமூக முகங்கள் அவனுக்கு உண்டு என்ற கருத்தை வில்லியம் ஜேம்ஸ் என்ற உளவியலாளர் 1890-இலேயே சொல்லிவிட்டார். சரி. ஆனால் அந்த முகங்களில் சில நாம் கேட்காமலே மாட்டப்பட்டவை. கழற்றப் போனால் தோலோடு வருகிறது.

இன்னும் கசப்பான ஒன்று. தங்களைத் தாழ்வாக எண்ணுபவர்கள், தங்களைத் தாழ்வாக எண்ணும் துணையிடமே கூடுதலாக ஒட்டிக்கொள்கிறார்கள் என்று வில்லியம் ஸ்வானும் அவருடைய சகாக்களும் 1992-இல் திருமணமானவர்களிடம் நடத்திய ஆய்வில் கண்டார்கள். பாராட்டைவிட, தன்னைப் பற்றித் தான் ஏற்கெனவே நம்புவதை ஒருவர் உறுதிப்படுத்துவது மனிதனுக்கு நிம்மதி தருகிறதாம். என் முதல் திருமணத்தை இதைவிடச் சரியாக விளக்கும் வாக்கியத்தை நான் படித்ததில்லை. மூன்று வருடங்கள் ஒருவர் என்னைப் பொறுப்பில்லாதவள் என்றார். வீட்டில் இருப்பது போலவே இருந்தது.

நேர்கோடு எழுதியது:

புதுத்தடம் அவர்களே, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். ஒன்று கேட்கலாமா? நாற்பது பேருக்குப் பொறுப்பானவள், சாவியைத் தொலைப்பவள், இந்த இருவரில் எவள் நீங்கள்?

புதுத்தடம் எழுதியது:

இருவரும் நான்தான். ஆனால் எவளாக இருக்க விரும்புகிறேன் என்று எனக்குத் தெரியும். அந்த விருப்பமும் ‘நான்’ என்பதில் ஒரு பகுதிதானே? உங்கள் கேள்விக்கு நன்றி. யாரும் இப்படி நேராகக் கேட்டதில்லை.

கூண்டுக்கு வெளியே எழுதியது:

நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். விலங்கு நடத்தை பற்றி வாசிப்பது எனக்கு விருப்பம். யாரும் இல்லாதவனுக்கும் ‘நான்’ உண்டா என்று நேர்கோடு கேட்டதற்கு ஒரு பழைய பரிசோதனை நினைவுக்கு வந்தது.

கார்டன் கேலப் என்ற உளவியலாளர் 1970-இல் சிம்பன்சிகளுக்குக் கண்ணாடி காட்டினார். முதலில் அவை கண்ணாடியில் இருப்பது வேறொரு சிம்பன்சி என்று எண்ணி மிரட்டின. சில நாட்களில் தங்கள் பல் இடுக்கை ஆராய அதைப் பயன்படுத்தத் தொடங்கின. மயக்க மருந்து கொடுத்துப் புருவத்திலும் காதிலும் வாசனையற்ற சிவப்புச் சாயம் தடவிவிட்டு, விழித்த பிறகு கண்ணாடியைக் காட்டினால், சாயம் பட்ட தங்கள் உடலையே அவை தொட்டுப் பார்த்தன.

மறு ஆண்டு அவர் வெளியிட்டதுதான் நமக்கு முக்கியம். தன் இனத்தைப் பார்க்காமல் தனியாக வளர்க்கப்பட்ட சிம்பன்சிகள் அதே கண்ணாடி முன்னால் அந்த அறிகுறியைக் காட்டவில்லை. கண்ணாடி அதே கண்ணாடிதான். அதற்குள் இருப்பது ‘நான்’ என்று தெரிந்துகொள்ள, முதலில் எதிரில் இன்னொருவர் இருந்திருக்க வேண்டும் போலிருக்கிறது. மிகச் சில விலங்குகளை வைத்துச் செய்த ஆய்வு என்பதால் இதன்மேல் மாளிகை கட்டக் கூடாது. ஆனால் அந்தக் குட்டிகளை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் பதறுகிறது. அறிவுக்காகக்கூட அப்படி ஓர் உயிரை வளர்த்திருக்கக் கூடாது.

வாசற்படி எழுதியது:

நினைவுதான் மனிதன் என்று மேலே ஒருவர் எழுதியிருந்தார். அதற்குப் பதில் எழுதத்தான் கணக்கு தொடங்கினேன்.

என் கணவருக்கு ஆறு ஆண்டுகளாக அல்சைமர். என் பெயர் தெரியாது. நான் யார் என்றும் தெரியாது. ‘நீங்கள் இங்கே வேலை செய்கிறீர்களா அம்மா?’ என்று மரியாதையோடு கேட்பார். லாக் அவர்களின் கணக்குப்படி என் கணவர் போய்விட்டார்.

மாலையில் தோட்டத்து பெஞ்சில் உட்கார வைப்பேன். நான் பக்கத்தில் போனால், உடனே இடது பக்கம் நகர்ந்து, உள்ளங்கையால் பெஞ்சின் மேல் தூசியைத் தட்டிவிட்டு, ‘உட்காருங்கள்’ என்பார். எனக்கு வலது காது கேட்காது. அதனால் நான் எப்போதும் வலது ஓரத்தில் உட்கார்ந்து, பேசுபவரை இடது பக்கம் வைத்துக்கொள்வேன். முப்பத்தெட்டு ஆண்டுகளாக அவர் அந்தப் பக்கத்துக்குத்தான் நகர்வார். என் காது விஷயம் அவருக்கு இன்று நினைவிருக்க வாய்ப்பே இல்லை. கை தூசியைத் தட்டுகிறது, உடம்பு இடது பக்கம் நகர்கிறது. இவர் யார்? எனக்குத் தெரியும் இவர் யார் என்று.

அவரை அவராக வைத்திருக்கும் வேலையில் பாதியை இப்போது நான் செய்கிறேன். அவர் மறந்ததையெல்லாம் நான் வைத்திருக்கிறேன். சில நாள் களைத்துப்போய், நான் இல்லாமல் போனால் இவர் யாராக இருப்பார் என்று யோசிப்பேன். பிறகு அந்தத் தூசி தட்டும் கையைப் பார்ப்பேன்.

ஈரமண் எழுதியது:

வாசற்படி அம்மா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. என் அனுபவம் இதற்கு நேர் எதிர்.

என் அப்பாவுக்கு மூளையின் முன்பகுதியைத் தாக்கும் வகை மறதிநோய் வந்தது. தொடக்கத்தில் நினைவு பெரிதாகக் குறையவில்லை. பிறந்த நாள், வங்கிக் கணக்கு, பழைய நண்பர்கள் பெயர் எல்லாம் சொல்வார். ஆனால் வழியில் விழுந்த முதியவரைப் பார்த்துச் சிரித்தார். அம்மா வலியில் முனகியபோது தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டினார். வாழ்நாள் முழுவதும் எறும்பை மிதிக்கத் தயங்கியவர் அவர். உடலும் நினைவும் அப்படியே இருந்தன. அப்பா இல்லை.

பிறகுதான் ஸ்ட்ரோமிங்கர், நிக்கோல்ஸ் என்ற இருவர் 2015-இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தேன். மூன்று விதமான நோயாளிகளின் குடும்பத்தாரிடம் ‘இவர் இன்னும் அதே ஆள்தானா?’ என்ற பொருளில் கேட்டார்கள். உடல் செயலிழந்தாலும் மனம் பெரிதும் அப்படியே இருக்கும் ஏ.எல்.எஸ். நோயாளிகளை உறவினர்கள் பெரும்பாலும் அதே ஆளாகவே கண்டார்கள். அல்சைமரில் அந்த உணர்வு கொஞ்சம் குறைந்தது. என் அப்பாவுக்கு வந்த வகையில்தான் மிகவும் குறைந்தது. நினைவு போனதைவிட, இரக்கம், நேர்மை போன்ற அறக் குணங்கள் மாறியதே ‘இவர் வேறு யாரோ’ என்று உறவினர்களை எண்ண வைத்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் மட்டும் கல்நெஞ்சக்காரி இல்லை என்று.

ஆனால் அப்பாவுக்குத் தான் மாறியதாகத் தெரியவே இல்லை. ‘நான் நன்றாகத்தானே இருக்கிறேன்?’ என்பார். அவர் உள்ளிருந்து பார்த்த அப்பாவும், நாங்கள் வெளியிலிருந்து பார்த்த அப்பாவும் ஒரே வீட்டில் சந்திக்கவே இல்லை. இந்த இழையின் தலைப்பில் உள்ள கேள்வியை நான் இரண்டு வருடங்கள் சுமந்திருக்கிறேன்.

நேர்கோடு எழுதியது:

நான்கு நாட்களாக எழுதவில்லை. பதில் இல்லாததால் அல்ல. யோசிக்க வேண்டியிருந்தது.

லாக்கின் விடையில் ஓட்டை இருப்பது எனக்குத் தெரியாதது அல்ல. தாமஸ் ரீட் என்ற தத்துவஞானி 1785-இலேயே காட்டிவிட்டார். பழத்தோட்டத்தில் திருடி அடி வாங்கிய ஒரு சிறுவன் வீரனாகிறான், பிறகு தளபதியாகிறான். வீரனுக்குச் சிறுவனை நினைவிருக்கிறது, தளபதிக்கு வீரனை நினைவிருக்கிறது, ஆனால் சிறுவனை நினைவில்லை. நினைவுதான் ஆள் என்றால், தளபதி அந்தச் சிறுவனாகவும் இருக்க வேண்டும், இல்லாமலும் இருக்க வேண்டும். கே.சி. என்ற எழுத்துகளால் மட்டும் மருத்துவ உலகம் அறிந்திருந்த ஒருவரும் உண்டு. 1981-இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு, தன் வாழ்வின் ஒரு நிகழ்ச்சியைக்கூட நினைவுகூர முடியாமல் போனவர். விபத்து அவருடைய சுபாவத்தையும் மாற்றியிருந்தது. ஆனாலும் தன் குணங்களை விவரிக்கச் சொன்னபோது, விபத்துக்குப் பிந்தைய தன்னைச் சரியாகவே விவரித்தார். அவருடைய தாயின் மதிப்பீட்டோடு அது ஒத்துப்போனது என்று நினைவாற்றலை ஆராய்ந்த எண்டல் டல்விங் 1993-இல் எழுதினார். ஒரு நிகழ்ச்சியும் இல்லாமல் ‘நான் இப்படிப்பட்டவன்’ என்ற அறிவு மட்டும் எங்கோ தங்கியிருக்கிறது. அந்தப் பெஞ்சின் தூசியைத் தட்டும் கை போல.

இதெல்லாம் தெரிந்தும் நான் ஏன் அவ்வளவு அழுத்திப் பேசினேன் என்பதைச் சொல்ல வேண்டும். நான் ஆதரவற்றோர் இல்லத்தில் வளர்ந்தவன். என்னைச் சின்ன வயதில் அறிந்தவர் என்று இன்று ஒருவரும் இல்லை. முதல் பல் எப்போது விழுந்தது, எதற்குப் பயந்தேன், எப்படிச் சிரித்தேன் என்று சொல்ல ஆள் கிடையாது. புகைப்படமும் இல்லை. ஒருவன் யார் என்பதைப் பிறர்தான் வைத்திருக்கிறார்கள் என்றால், எனக்கு முதல் பத்து ஆண்டுகள் இல்லை என்று பொருள். அதை ஏற்க நான் தயாராக இல்லை. இப்போதும் முழுதாகத் தயாராக இல்லை. இருட்டில் விழித்துக்கொண்டு படுத்திருந்த ஒரு பையன் இருந்தான். யாரும் பார்க்கவில்லை. நான் அறிவேன். அவனுக்கு நான் ஒருவன்தான் சாட்சி.

பழைய கரும்பலகை எழுதியது:

தம்பி, அந்தப் பையனை இப்போது நாங்களும் அறிவோம்.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். உங்கள் பக்கத்துக்கும் ஆதாரம் உண்டு. சிமின் வசீர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவரின் பதற்றம் போன்ற உள்மன உணர்வுகளை அவரே நண்பர்களைவிடச் சரியாக அறிகிறார் என்று தெரிந்தது. அறிவாற்றல், படைப்பாற்றல் போன்றவற்றை நண்பர்களே கூடுதலாகச் சரியாக எடைபோட்டார்கள். இருட்டில் விழித்திருந்த பையனின் பயத்துக்கு அவனைவிடச் சிறந்த சாட்சி யாரும் இருந்திருக்க முடியாது.

சொற்கிடங்கு எழுதியது:

மொழி பற்றி ஒரு சிறு குறிப்பு. ‘நான்’ என்பதை நம் இலக்கணம் தன்மை என்கிறது. ஒருவரின் இயல்பைக் குறிக்கவும் அதே தன்மைதான். எதிரில் இருப்பவர் முன்னிலை, முன்னே நிற்பவர். இவற்றோடு, கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும் ‘நாம்’ ஒன்று, கேட்பவரை வெளியே நிறுத்தும் ‘நாங்கள்’ ஒன்று. பல மொழிகளில் இந்த இரண்டுக்கும் ஒரே சொல்தான்.

கரையோரம் ஐயா, அண்ணனைப் பற்றிப் பிறரிடம் பேசும்போது நீங்கள் ‘நாங்கள்’ என்று சொல்லலாம். ‘நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது...’ என்று. ஆனால் அந்த ‘நாம்’ அவரிடம் மட்டும்தான் சொல்ல முடிந்தது. நீங்கள் காணவில்லை என்று தேடும் வாயாடி அந்தச் சொல்லுக்குள் இருந்தவன் என்று எனக்குத் தோன்றுகிறது. காதல் முறிந்தவர்கள் ‘நான் யார்’ என்பதில் தெளிவிழந்து தடுமாறுவதை ஸ்லாட்டர், கார்ட்னர், ஃபிங்கெல் மூவரும் 2010-இல் ஆராய்ந்து எழுதினார்கள். உறவு முறியும்போது துணையோடு சேர்ந்து தன்னில் ஒரு பகுதியும் கலைகிறது. மரணத்தில் அது எவ்வளவு கூடுதலாக இருக்கும்!

கரையோரம் எழுதியது:

எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத நினைத்தேன். முடியவில்லை. ஒவ்வொரு பதிவையும் பலமுறை படித்தேன். நேர்கோடு அவர்களே, நீங்கள் முதலில் எழுதியதும் கடைசியில் எழுதியதும் இரண்டும் எனக்கு உதவின. முதல் பதிவில் நீங்கள் காட்டிய கடுமைக்காக வருந்த வேண்டாம்.

சொற்கிடங்கு சொன்ன ‘நாம்’ பற்றி யோசித்துக்கொண்டிருந்தபோது, நான் இத்தனை நாள் பார்க்காத ஒன்று தெரிந்தது. என் செல்லப்பெயரை யார் வைத்திருக்கிறார்கள் என்றே தேடிக்கொண்டிருந்தேன். நான் யாருடையதை வைத்திருக்கிறேன் என்று கேட்டுக்கொள்ளவே இல்லை.

பெரியப்பா மகள் ஒருத்தி இருக்கிறாள், என்னைவிட இரண்டு வயது சின்னவள். சிறுமியாக இருந்தபோது எதையும் எண்ணிக்கொண்டே இருப்பாள். படிகளை, பறவைகளை, வகுப்பில் பிள்ளைகள் இருமுவதை. அதை வைத்து நான் அவளுக்கு ஒரு பெயர் வைத்திருந்தேன். அவளுக்கு ஐம்பது வயதாகிவிட்டது. இரண்டு பேரப்பிள்ளைகள். திருமணங்களிலும் சாவு வீடுகளிலும் சந்தித்தால் ‘நல்லா இருக்கியாம்மா?’ என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். அந்தப் பெயரைச் சொல்லி முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருக்கும்.

நேற்று இரவு அவளை அழைத்தேன். அவள் எடுத்ததும், வணக்கம்கூடச் சொல்லாமல், அந்தப் பெயரைச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

பிறகு அவள், ‘எங்கள் வீட்டு மாடிக்கு இருபத்து மூன்று படி அண்ணா’ என்றாள்.